சிங்கப்பூரில் 'ஓடி' (ஓவர்டைம், அதாவது கூடுதல் நேர வேலை) சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் மீட்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேள்வி கேட்ட தம்பி சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளியாக இருக்கிறார். ஐபிஏ கடிதத்தில் (வேலைக்குப் போகும் முன் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தரும் முன் அனுமதிக் கடிதம்) அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று இருக்கிறது. மாதம் ஏறக்குறைய 70 மணி நேரம் ஓடி பார்க்கிறார். ஆனால் மணிக்கு மூன்றரை வெள்ளிதான் போடுகிறார்கள். கணக்குக் கேட்டால் பெர்மிட்டை (வேலை அனுமதியை) வெட்டி ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார் மேலாளர். இந்தப் பணத்தைக் கேட்டு வாங்க வழியுண்டா என்பது கேள்வி.

உண்டு. நான் வாங்கியிருக்கிறேன். கம்பி கட்டும் வேலையில் நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தேன். 2019-இல் இதே சிக்கலில் மாட்டி, பணத்தில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டுதான் வெளியே வந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

முதலில் உங்களுக்கு மணிக்கு எவ்வளவு வர வேண்டும் என்று பார்ப்போம். நம் ஆட்களில் பலர் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, அதை மறுபடியும் 8 மணி நேரத்தால் வகுக்கிறார்கள். சிங்கப்பூர் வேலைச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு அது அல்ல. மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, அதை 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். 800 வெள்ளிக்கு மணிக்கு 4 வெள்ளி 20 காசு வரும். ஓடிக்கு அதன் ஒன்றரை மடங்கு, ஆகவே 6 வெள்ளி 29 காசு. உங்களுக்கு மூன்றரை வெள்ளி கொடுக்கிறார்கள் என்றால் ஒவ்வொரு மணிக்கும் 2 வெள்ளி 79 காசு குறைகிறது. 70 மணிக்கு அது 195 வெள்ளி. வாரத்துக்கு 44 மணி என்பதையும் கவனியுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 8 மணி நேரமும் சனிக்கிழமை 4 மணி நேரமும் வழக்கமான வேலை என்று உங்கள் ஒப்பந்தம் இருந்தால், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பார்ப்பதெல்லாம் ஓடிதான். "சனிக்கிழமை முழு நாள், அது பேசிக்கில் அடங்கும்" என்று என் ஃபோர்மேன் இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மூன்றரை வெள்ளி எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் என்ற இடத்தில் 800 என்று இருக்கிறதா, அல்லது 450 என்று போட்டுவிட்டு மீதி 350-ஐ 'சைட் அலவன்ஸ்' என்றோ வேறு பெயரிலோ எழுதியிருக்கிறார்களா? என் சீட்டில் அப்படித்தான் இருந்தது. கூட்டினால் 800 வரும். தொழிலாளிக்குச் சந்தேகமே வராது. ஆனால் ஓடி கணக்கிடப்படுவது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும்தான், அலவன்ஸ் அதில் சேராது. 450-க்கு அதே கணக்கைப் போட்டால் ஓடி மணிக்கு 3 வெள்ளி 54 காசு வரும். உங்கள் மூன்றரை வெள்ளிக்கு அது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். மனிதவள அமைச்சிடம் 800 என்று அறிவித்துவிட்டு, உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் அதைக் குறைக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. அதனால்தான் ஐபிஏ கடிதம் வழக்கில் மிகப் பெரிய ஆதாரமாகிறது. தமிழிலும் அது வந்திருக்கும். ஏஜெண்டிடமே விட்டுவிட்டு வந்திருந்தால் உடனே ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். (ஏதாவது வெற்றுத் தாளிலோ ஆங்கிலத் தாளிலோ கையெழுத்துப் போடச் சொன்னால், படித்துப் பார்க்காமல் போட வேண்டாம். அந்த 'ஒப்புதல்' பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள். ஓய்வு நாளில் நிறுவனம் கேட்டுக்கொண்டதால் வேலை பார்த்து, அது வழக்கமான நேரத்தில் பாதிக்கு மேல் போனால், இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். 800 வெள்ளிக்கு ஒரு நாள் சம்பளம் 30 வெள்ளி 77 காசு. எனக்கு 450-ஐ வைத்து 17 வெள்ளி 31 காசு, அதுவும் ஒரு நாளுக்கு மட்டுமே, கொடுத்தார்கள்.

இன்னொரு பயமும் பலருக்கு உண்டு. மாதத்துக்கு 72 மணிதான் ஓடி பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது, நாம் அதற்கு மேல் பார்த்துவிட்டோமே, கேட்டால் நம்மைத்தானே பிடிப்பார்கள் என்ற பயம். வரம்பை மீறி வேலை வாங்கியது நிறுவனத்தின் குற்றம்; பார்த்த வேலைக்கு உங்களுக்குக் கூலி உண்டு.

இனி ஆதாரம். உண்மையில் வழக்கு வெல்வதும் தோற்பதும் இங்கேதான். நான் புகார் கொடுப்பதற்கு முன்பு ஏழு மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதினேன். எந்த சைட், வேலை தொடங்கிய நேரம், சாப்பாட்டு நேரம், முடித்த நேரம், அன்றைக்கு சூப்பர்வைசர் யார், அவ்வளவுதான். லாரி டார்மிட்டரிக்குத் திரும்புவதற்குள் எழுதிவிடுவேன். படுக்கைக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் தூக்கம் வந்துவிடும். சிமெண்டுக் கறையும் வியர்வையும் பட்டு நோட்டின் ஓரம் உப்பிப்போயிருந்தது. அதோடு மாதக் கடைசியில் டைம் கார்டை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பேன். பின்னால் சமரசக் கூட்டத்தில் நிறுவனம் கொண்டுவந்த வருகைப் பட்டியலில் ஒரு வாரத்தின் ஓடி முழுவதும் காணாமல் போயிருந்தது. என் படத்தில் சூப்பர்வைசரின் கையெழுத்தோடு அது இருந்தது. அதன் பிறகு அவர்கள் நேரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தொகையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். உங்களுக்குக் கொடுக்கவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

புகாரைப் பெறுவது டிஏடிஎம் என்று எல்லோரும் சொல்லும் அமைப்பு; அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் என்ற முத்தரப்புக் கூட்டணியின் தகராறு தீர்க்கும் பிரிவு. 2017 ஏப்ரலிலிருந்து சம்பளப் புகார்கள் அங்கேதான் போகின்றன. இணையத்திலேயே பதியலாம். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலோ, லிட்டில் இந்தியாவில் இயங்கும் டிடபிள்யூசி2 போன்ற தொண்டு அமைப்புகளிலோ கேட்டால் உதவுவார்கள். தமிழில் பேசுகிறவர்கள் கிடைப்பார்கள். வேலையில் இருக்கும்போது புகார் செய்தால் பணம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். மூன்று ஆண்டு பாக்கி இருந்தாலும் பழையது கைவிட்டுப் போகும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாதத்துப் பணம் கரைகிறது. வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். ஊருக்கு வந்து ஆற அமரப் பார்க்கலாம் என்று எண்ணி விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும். ஒருவருக்கும் காசு வந்ததில்லை.

பெர்மிட்டை வெட்டுவேன் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பெர்மிட்டை ரத்து செய்ய நிறுவனத்தால் முடியும், எனக்கும் செய்தார்கள். ஆனால் சம்பள வழக்கு நிலுவையில் இருக்கும்போது உங்களைக் கட்டாயமாக விமானம் ஏற்ற முடியாது. வழக்கு முடியும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். ஒருவேளை பெட்டியைக் கட்டச் சொல்லி நேரே விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனால், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் "எனக்குச் சம்பள பாக்கி இருக்கிறது" என்று சொல்லுங்கள், ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும் போதும். ஸ்பெஷல் பாஸில் இருக்கும் காலம் கடினமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. இஷ்டத்துக்கு வேலை பார்க்க முடியாது, வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது, வட்டிக்கு வாங்கிக் கொடுத்த ஏஜெண்ட் காசு ஊரில் ஏறிக்கொண்டே இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு டிடபிள்யூசி2 லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போட்டது. ஆறு வாரம் பெரும்பாலும் அதைத்தான் சாப்பிட்டேன். கையில் இரண்டு மாதச் செலவுக்காவது சேர்த்து வைத்துக்கொண்டு புகார் கொடுப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

புகார் பதிந்த பின் டிஏடிஎம் நடத்தும் சமரசக் கூட்டத்துக்கு இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, அது நமக்கு நல்லது. ஓராண்டு ஓடிக்கும் 14 ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து நான் கேட்டது 2,929 வெள்ளி. முதலில் 800 தருகிறோம் என்றார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வழக்கு வேலை உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும். அதற்கான சான்றிதழைக் கொடுப்பார்கள், நான்கு வாரத்துக்குள் அங்கே பதிய வேண்டும். நடுவர் மன்றத்துக்குப் போகத் தயார் என்று சொல்லி நோட்டை மேசைமேல் வைத்தேன். இரண்டாவது கூட்டத்தில் 2,500 வெள்ளிக்கு, இரண்டு தவணையாக, முடிந்தது. முழுத் தொகைக்கு நின்றிருக்கலாம் என்று இன்றும் சில சமயம் தோன்றும். அன்றைக்கு அம்மாவின் கண் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் அதை நான்கு வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவானால்தான் அதற்கு நீதிமன்ற உத்தரவின் பலம் வரும். எனக்கு முதல் தவணை சொன்ன நாளில் வந்தது, இரண்டாவது வரவில்லை. ஐந்து நாள் பொறுத்துவிட்டு நிறுவன அலுவலகத்துக்குப் போன் செய்து, பதிவு எண்ணை மட்டும் படித்துக் காட்டினேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் பணம் வங்கிக் கணக்கில் ஏறியிருந்தது.