கோடெக்ஸ் வரம்புக்குள் இருந்தும் சரக்கை நிறுத்தலாமா?

கேள்வி: எண்ணெய் வித்து ஏற்றுமதி செய்கிறோம். பூச்சிமருந்து எச்சம் கிலோவுக்கு 0.018 மில்லிகிராம் இருப்பதாகச் சொல்லி, இறக்குமதி நாட்டின் துறைமுகத்தில் எங்கள் கன்டெய்னரை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய வரம்பு 0.01. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்போ எங்கள் சரக்கில் இருக்கும் அளவைவிட அதிகம். பத்து நாளுக்குள் திருப்பி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிடுவோம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட முடியுமா?

பதில்: உங்களால் முடியாது. அங்கே வழக்காடும் உரிமை அரசுகளுக்கு மட்டும்தான். உங்கள் அரசே முன்வந்தாலும் தீர்ப்பு வருவதற்குள் சரக்கு மக்கிப் போயிருக்கும். 2019 டிசம்பரிலிருந்து அதன் மேல்முறையீட்டு அமைப்பும் செயல்படவில்லை. பத்து நாள் கெடுவை வைத்துக்கொண்டு, அந்த அமைப்பு இருக்கும் ஜெனிவாவைப் பார்த்து நிற்காதீர்கள்.

உணவுப் பாதுகாப்பு, விலங்கு, தாவர நலம் பற்றிய உலக வர்த்தக அமைப்பின் எஸ்.பி.எஸ். ஒப்பந்தம் 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது கோடெக்ஸை ஓர் அளவுகோலாக ஏற்கிறது, கட்டாயமாக்கவில்லை. அறிவியல் ஆதாரம் இருந்தால் எந்த நாடும் அதைவிடக் கடுமையான வரம்பு வைக்கலாம் என்கிறது 3.3-ஆம் பிரிவு. ஆபத்தை மதிப்பிட்டுத்தான் வைக்க வேண்டும் என்கிறது 5.1. ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சிக்கு ஐரோப்பா விதித்த தடை, அப்படிப்பட்ட மதிப்பீடு இல்லாததால் 1998-ல் உலக வர்த்தக அமைப்பில் தோற்றது. தோற்ற பிறகும் தடை நீங்கவில்லை. அமெரிக்காவும் கனடாவும் 1999-ல் வேறு ஐரோப்பியப் பொருள்கள் மீது பதில் வரி போட்டன. அந்த வரிப்பணம் இறைச்சி விற்றவர்களுக்கு நஷ்டஈடாகப் போகவில்லை. உங்களைப் போன்றவர்களின் நிலையை நினைத்தால் எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

உங்கள் வழக்கின் உயிர் ஆய்வக அறிக்கையில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலின் இரண்டாம் பக்கத்தில், முடிவுக்குக் கீழே, அளவீட்டு நிச்சயமின்மை, அதாவது உண்மை அளவு கூடவோ குறையவோ இருக்கக்கூடிய இடைவெளி, 50 சதவீதம் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 0.018-ல் பாதியைக் கழித்தால் 0.009. அது வரம்புக்குள் வருகிறது! ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் கழிவைச் செய்த பிறகும் வரம்பைத் தாண்டினால்தான் மீறல் என்று நடவடிக்கை எடுப்பது வழக்கம். உங்கள் சரக்கு நிற்கும் நாட்டிலும் அப்படித்தானா என்று அங்குள்ள வழக்கறிஞரிடம் இன்றே கேளுங்கள். அவர் மூலமாகவே அந்நாட்டு உணவுத் துறையிடம் முறையீடு போட்டு, அதே சரக்கிலிருந்து எடுத்து வைத்திருக்கும் மாற்று மாதிரியை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கக் கோருங்கள். முறையீடு முடியும்வரை அழிப்புக்குத் தடையும் கேளுங்கள். சோதனை நடைமுறை பற்றிய புகாரை விசாரித்துத் திருத்த ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று எஸ்.பி.எஸ். ஒப்பந்தத்தின் மூன்றாம் இணைப்பு சொல்கிறது. மனுவில் அதையும் குறிப்பிடலாம். அழிக்கச் சம்மதம் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வரம்பையே எதிர்ப்பது நீண்ட வேலை. உங்கள் வர்த்தக அமைச்சகத்துக்கு எழுதுங்கள். வரம்புக்கான காரணத்தை விளக்கும்படி அந்த ஒப்பந்தத்தின் 5.8-ஆம் பிரிவின் கீழ் அரசு கேட்கலாம், உறுப்பு நாடுகள் கூடும் எஸ்.பி.எஸ். குழுவிலும் எழுப்பலாம். தனி ஏற்றுமதியாளரைவிடச் சங்கத்தின் கடிதத்துக்கு வலு அதிகம்.

பணம் தரமாட்டேன் என்று வாங்கியவர் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம். நாடுகளுக்கிடையிலான சரக்கு விற்பனைக்கான 1980-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் உங்களுக்குப் பொருந்துமானால், ஜெர்மன் உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பு கைகொடுக்கும். ஒரு சுவிஸ் விற்பனையாளர் அனுப்பிய சிப்பியில் காட்மியம் ஜெர்மன் வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. வாங்குபவரின் நாட்டு அரசு வகுத்த அளவுகளை விற்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை என்பதே பொது விதி என்று சொல்லி, வாங்கியவர் விலையைத் தர வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் அதே வரம்பு விற்பவர் நாட்டிலும் இருந்தாலோ, வாங்குபவர் முன்பே சொல்லியிருந்தாலோ இந்த விதி காக்காது. ஆகவே 0.01 என்ற எண் உங்கள் ஆர்டரிலோ மின்னஞ்சலிலோ எங்காவது வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, ஒப்பந்த நகலுடன் எனக்கு எழுதுங்கள்.