ஸோன் டிஃபன்ஸ்: எப்போது இறங்குவது, எப்போது விடுவது?

கேள்வி: உள்ளூர் லீக்கில் ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகளின்படி ஆடும் கூடைப்பந்து கிளப் அணி எங்களுடையது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் மயாமி ஹீட் ஆடும் 2-3 ஸோனை (ஆளுக்கு ஆள் அல்லாமல் ஆளுக்கோர் இடத்தைக் காப்பது; முன்னால் இருவர், பின்னால் மூவர்) பார்த்து நாங்களும் முயன்றோம். முதல் சில நிமிடம் நன்றாகப் போகிறது. கார்னரிலிருந்து இரண்டு த்ரீ பாயின்ட்டர் விழுந்ததும் பயந்து மேன்-டு-மேனுக்கு (ஒவ்வொருவரும் ஓர் எதிராளியைக் காப்பது) திரும்பிவிடுகிறோம். பந்தைக் கொண்டுவரும் எங்கள் கார்டுகள் இருவருமே உயரம் குறைவு. தொழில்முறை அணிகள் எதை வைத்து முடிவெடுக்கின்றன? கடைசி நிமிடங்களில் ஸோன் ஆடலாமா?

பதில்: கொஞ்ச நேரம் பலன் தந்துவிட்டு ஸோன் உடைவது உங்கள் அணிக்கு மட்டும் வரும் சிக்கல் அல்ல. என்பிஏவிலும் அப்படித்தான். அங்கே ஆட்டம் முழுக்க ஸோன் ஆடுவது அபூர்வம். எதிரணி பழகிய ஆட்டத்தை விட்டு யோசிக்கத் தொடங்கும் சில நிமிடங்களுக்காகத்தான் பயிற்சியாளர்கள் அதை இறக்குகிறார்கள். எதிரணி விடையைக் கண்டுபிடித்துவிட்டது என்று தெரிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். அந்த விடை கிடைத்துவிட்டதா என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஷாட் விழுந்ததை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

நீங்கள் சொல்லும் மயாமியையே எடுத்துக்கொள்வோம். 2020 கிழக்கு மண்டல இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் பாதி நேரத்தில் 13 புள்ளி முன்னிலை. மூன்றாவது கால்பகுதியில் ஸோன் பாஸ்டனைத் தடுமாற வைத்தது. பந்து மூன்று புள்ளி வளைவுக்கு வெளியிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அந்தக் கால்பகுதியை மயாமி 37-17 என்று எடுத்து, ஆட்டத்தையும் 106-101 என வென்றது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் காயத்திலிருந்து திரும்பிய கார்டன் ஹேவர்ட் பாஸ்டனுக்கு ஆட வந்தார். அவர் ஸோனின் நடுவில் பந்தை வாங்கி, திரும்பிப் பார்த்து, சரியான ஆளுக்குக் கொடுக்கத் தெரிந்தவர். பாஸ்டன் 117-106 என வென்றது. தொடரைக் கடைசியில் மயாமி 4-2 என்று எடுத்தது உண்மைதான். ஆனாலும் 2-3 ஸோனின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதை அந்த ஆட்டம் காட்டிவிட்டது.

அந்த இடம் ஃப்ரீ த்ரோ கோடு. அங்கே நிதானமான ஒருவர் பந்தை வாங்கிக் கூடையைப் பார்த்துத் திரும்பிவிட்டால் கூடைக்கு முன் நிற்கும் உங்கள் சென்டர் மேலே ஏறி வந்தாக வேண்டும். அவர் ஏறினால் பின்னால் இருக்கும் இருவர் உள்ளே சுருங்க வேண்டும். அவர்கள் சுருங்கினால் கார்னர் இரண்டும் காலி. உங்களுக்கு எதிராக விழுந்த கார்னர் ஷாட்களின் தொடக்கம் பெரும்பாலும் இந்த நடு இடமாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் கார்னரை அடைக்க ஆளை ஓடவிட்டால், அடுத்து கூடைக்கடியில் அடிப்பார்கள்.

ஆகவே கணக்கு இப்படி. பந்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போய், அங்கிருந்து கார்னருக்கு வந்து ஷாட் விழுந்தால், ஒரு முறை நடந்தாலே எச்சரிக்கை. இரண்டாவது முறையும் அப்படியே நடந்தால் ஸோனை விட்டுவிடுங்கள். பந்து வெளியிலேயே சுற்றி, ஷாட் கிளாக் (ஷாட் எறிய வேண்டிய கெடு) தீரப்போகும் நேரத்தில், சுமாராக எறியும் ஒருவர், உங்கள் ஆளின் கை தன் முகத்துக்கு நேரே இருக்கும்போது போட்டது விழுந்ததா? விழட்டும், ஸோனிலேயே நில்லுங்கள். நீங்கள் விரும்பிய ஷாட்டைத்தான் அவர்கள் எடுத்திருக்கிறார்கள். இன்னொன்று ரீபவுண்ட், அதாவது விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. மேன்-டு-மேனில் பாக்ஸ் அவுட் செய்ய (பந்தை நெருங்க விடாமல் உடம்பால் மறிக்க) உங்களுக்கென்று ஒரு ஆள் இருப்பார். ஸோனில் இடம்தான் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அதிலும் ஷாட் எறியப்பட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் எப்போதும் ஓட்டைதான். எதிரணி தான் தவறவிட்ட ஷாட்டைத் தானே பிடித்து அடுத்தடுத்து இரண்டு ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் எடுத்தால், ஒரு புள்ளிகூட விழாவிட்டாலும் மாறிவிடுங்கள். கிளப் அணிகள் இதைத்தான் மிகவும் தாமதமாகக் கவனிக்கின்றன.

அப்புறம், என்பிஏவைப் பார்த்து அப்படியே எடுக்கக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த லீக் 1947 ஜனவரியிலேயே ஸோனைத் தடை செய்தது. ஷாட் கிளாக் இல்லாத காலம் அது. ஆட்டம் மந்தமாகி ரசிகர்கள் போய்விடுவார்கள் என்ற பயம். 2001-02 சீசனில்தான் மறுபடி அனுமதித்தார்கள். அப்போதே கூடவே ஒரு கடிவாளமும் போட்டார்கள். தடுப்பவர் யாரையும் கைக்கெட்டும் தூரத்தில் காவல் காக்காமல் பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னால் வண்ணமிட்ட பகுதி) மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களிடமே இருக்கும். மயாமியின் பாம் அடெபாயோ உள்ளே, வெளியே என்று நகர்ந்துகொண்டே இருப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம். ஃபீபாவில் இந்த விதி கிடையாது. உங்கள் சென்டர் கூடைக்கு முன்னால் தாராளமாக நிற்கலாம். அவரைத் தேவையில்லாமல் ஓட வைக்காதீர்கள். இன்னொரு வசதியும் உண்டு. என்பிஏவில் மூன்று புள்ளிக் கோடு கூடைக்கு நேர் எதிரே 7.24 மீட்டர், உங்களுக்கு 6.75 மீட்டர். முன்னால் நிற்கும் இருவர் ஓட வேண்டிய தூரம் அந்த அளவு குறைவு.

உயரம் குறைந்த கார்டுகள் பற்றி. 2-3 என்றதும் கார்டுகளை முன்னால் நிறுத்துவதுதான் வழக்கம். மயாமி பல நேரம் இதைத் தலைகீழாக மாற்றியது. ஜிம்மி பட்லர் போன்ற நீண்ட கை உள்ளவர்கள் முன்னால், சிறிய ஆட்கள் பின்னால் பக்கவாட்டில். இது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. முன்னால் கைகள் நீளமாக இருந்தால் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராகப் பாஸ் போகாது. தலைக்கு மேலே தூக்கித்தான் போட வேண்டும். தூக்கிப் போட்ட பந்து மெதுவாக வரும், அதற்குள் மற்றவர்கள் நகர்ந்துவிடலாம். உங்களிடம் பக்கவாட்டில் ஆடும் உயரமான விங் ஆட்கள் இருவர் இருந்தால் கட்டாயம் முயன்று பாருங்கள். ரீபவுண்டுக்கு மட்டும் அந்த இருவரும் ஷாட் எறியப்பட்டவுடன் உள்ளே ஓடி வந்தாக வேண்டும். அதில் சோம்பல் இருந்தால் இந்த மாற்றமே வேண்டாம்.

எப்போது இறங்குவது? உங்கள் ஷாட் விழுந்த பிறகு, டைம் அவுட்டுக்குப் பிறகு, பந்து வெளியே போன பிறகு. அதாவது ஐந்து பேரும் இடத்துக்குப் போக நேரம் கிடைக்கும்போது. எதிரணி வேகமாக ஓடி வரும்போது ஸோன் அமைக்கப் பார்த்தால் பாதி வழியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட முக்கியம், கோர்ட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. 2019 என்பிஏ இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு டூரன்ட் காயத்தால் ஆடவில்லை, கிளே தாம்சனும் நான்காவது கால்பகுதியில் காயத்தோடு வெளியேறினார். உடனே டொரான்டோ பயிற்சியாளர் நிக் நர்ஸ் பாக்ஸ் அண்ட் ஒன்னை இறக்கினார்: நான்கு பேர் சதுரமாக, ஒருவர் வாரியர்ஸின் முக்கிய ஷூட்டர் ஸ்டெஃப் கரியுடன் நிழல் போல. ஐந்து நிமிடத்துக்கும் மேலாக வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கடைசி வினாடிகளில் இக்வோடாலா போட்ட த்ரீ பாயின்ட்டரால் அவர்கள் தப்பித்து வென்றார்கள். ஷூட்டர்கள் வெளியேறிய அந்த நிமிடத்தைப் பார்த்து உடனே மாறினாரே, நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். எதிரணியில் தூரத்திலிருந்து எறியத் தெரியாத இருவர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் அதுதான் உங்கள் நேரம். அவர்கள் பெஞ்சையும் கவனிக்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் ஐந்து தடுப்பவர்களுக்கு எதிராக ஆறு பேரை நிறுத்தி, ட்ரிப்பிள் (பந்தைத் தரையில் தட்டி நகர்வது) இல்லாமல் பாஸ் மட்டும் செய்யச் சொல்லுங்கள். பந்து காற்றில் இருக்கும்போதே ஐந்து பேரும் நகர வேண்டும். பிடித்த பிறகு நகர்ந்தால் தாமதம்.

கடைசி நிமிடங்கள். நீங்கள் பின்தங்கியிருந்தால் ஸோன் வேண்டாம். அவர்கள் வெளியே பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைத்துவிடுவார்கள். மூன்று புள்ளி முன்னிலையிலும் வேண்டாம். அவர்களுக்குத் தேவையான அந்த ஒரே ஷாட்டுக்கு நீங்களே இடம் விடுவீர்கள். ஏழெட்டுப் புள்ளி முன்னிலை இருந்தால் தாராளமாக ஆடுங்கள். ஸோனுக்கு எதிராக ஷாட் தேட நேரம் அதிகம் பிடிக்கும், அந்த நேரம் உங்களுக்குத்தான் லாபம்.