மூட்டு மாற்றிய முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. ஏழு மாதங்களுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். மூன்று மாதங்கள் வலியில்லாமல் நடந்தார். இப்போது படி ஏறும்போதும் கட்டிலிலிருந்து எழும்போதும் முட்டியின் உட்புறம் வலிக்கிறது என்கிறார். எங்கள் ஊர் மருத்துவர், முட்டிக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதே ஊசியில் வலி குறைந்தது. அம்மாவுக்கும் போடலாமா? அவருடைய இடது முட்டியும் தேய்ந்திருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மூட்டு மாற்றிய வலது முழங்காலுக்குள் அந்த ஊசியை இப்போது போட வேண்டாம். உங்கள் ஊர் மருத்துவர் அம்மாவின் வலியைக் குறைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால், வலிக்குக் காரணம் என்னவென்று தெரியாத நிலையில், செயற்கை மூட்டு இருக்கும் இடத்துக்குள் ஸ்டீராய்டைச் செலுத்துவதை எலும்பு மூட்டு மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

இந்த ஊசி புதியதன்று. 1951ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் செலுத்தப்பட்டது. இன்று பெரும்பாலும் ட்ரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் ஆகிய மருந்துகள் பயன்படுகின்றன. மூட்டின் உட்சவ்வில் ஏற்பட்டுள்ள அழற்சியை இவை அடக்குகின்றன; வீக்கமும் வலியும் குறைவது அதனால்தான். அதே செயலால், அந்த இடத்தில் கிருமியை எதிர்த்து நிற்கும் உடலின் ஆற்றலும் சில வாரங்களுக்குக் குறைகிறது. உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ரத்த ஓட்டம் கிடையாது. அவற்றின் மேல் கிருமிகள் ஒட்டிக்கொண்டால், தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்கிக்கொண்டு அதற்குள் பதுங்கிவிடும். வாய்வழியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அதை ஊடுருவி முழுமையாக அழிப்பது அரிது.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெரியவரை இதைச் சொல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். மூட்டு மாற்றி ஓராண்டு ஆகியிருந்தது. வேறோர் இடத்தில் இரண்டு ஊசிகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பத்து நாள் வலி அடங்கி, பிறகு முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பியது. முட்டியிலிருந்து ஊசியால் நீரை எடுத்தபோது, மஞ்சளாகத் தெளிந்து வர வேண்டியது, அரிசி கழுவிய தண்ணீரைப் போலக் கலங்கி வந்தது. செயற்கை மூட்டைக் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட்டை அந்த இடத்தில் வைத்து, கிருமி ஒழிந்த பிறகு மறுபடியும் புதிய மூட்டைப் பொருத்த வேண்டியதாயிற்று. கிருமி ஊசியால் வந்ததா, முன்பே இருந்ததா என்பதை அப்போது எவராலும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. ஆனால் வலி அடங்கிய அந்த நாட்களில் நோய் மறைந்திருந்து வளர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, 'மூன்று மாதங்கள் வலியில்லாமல் நடந்தார்' என்ற வரி. அறுவை சிகிச்சை நாளிலிருந்தே விடாமல் தொடரும் வலி ஒரு வகை. நன்றாக இருந்து பிறகு புதிதாகத் தோன்றும் வலி வேறு வகை. இரண்டாம் வகையில், கிருமித் தொற்று இல்லை, பொருத்திய மூட்டு எலும்பிலிருந்து தளரவில்லை என்று உறுதி செய்த பிறகே மற்றதை யோசிக்க வேண்டும். காய்ச்சலோ சீழோ இல்லாமலும் தொற்று இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பு சற்று அதிகம். எனவே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே முதலில் செல்லுங்கள். எக்ஸ்ரேயும், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளும் எடுப்பார். அறுவைக்குப் பின் உயரும் சிஆர்பி சில வாரங்களில் இறங்கிவிடும் என்பதால், ஏழாவது மாதத்தில் அது கூடுதலாக இருந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். ஐயம் எழுந்தால், மூட்டு நீரை எடுத்து அணுக்களின் எண்ணிக்கையையும் கிருமி வளர்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், வலி மூட்டுக்கு வெளியிலிருந்தும் வரலாம். நான் நோயாளியிடம், ஒரே ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்வது வழக்கம். உள்ளங்கையால் முட்டி முழுவதையும் தடவிக் காட்டுபவர்கள் உண்டு. வேறு சிலர், முட்டி மடிப்புக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே, உட்புற எலும்பின் மேல் சரியாக ஓர் இடத்தில் விரலை வைப்பார்கள். தொடையிலிருந்து வரும் மூன்று தசைநாண்கள் எலும்பில் சேரும் இடம் அது. அங்குள்ள சிறு நீர்ப்பை வீங்கினால், நீங்கள் எழுதியிருப்பது போலவே படி ஏறும்போதும் எழும்போதும் வலிக்கும். தொற்று இல்லை என்று உறுதியான பிறகு, மூட்டுக்குள் நுழையாமல் அந்த நீர்ப்பையில் மட்டும் ஸ்டீராய்டு செலுத்துவது ஏற்கத்தக்க சிகிச்சைதான். அதையும் அந்த அறுவை சிகிச்சை நிபுணரே முடிவு செய்யட்டும். இடுப்பு மூட்டு, முதுகு நரம்பு ஆகியவற்றின் கோளாறும் முட்டி வலியாகத் தெரிவதுண்டு என்பதையும் அவர் பார்ப்பார்.

பக்கத்து வீட்டு அக்காவின் நிலை வேறு. அவருடைய முட்டியில் இருப்பது அவருடைய சொந்த எலும்பும் குருத்தெலும்பும். முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் சவ்வு கிழிந்து, அதன் ஒரு பகுதியை நுண்துளை வழியாக வெட்டி எடுத்த பிறகு வீக்கம் நீடித்தால், சில வாரங்கள் கழித்து இந்த ஊசியைப் போடுவதுண்டு. அங்கும் முதல் மாதத்துக்குள் போட்டால் தொற்று வாய்ப்பு கூடுகிறது. சவ்வைத் தைத்திருந்தால் அது ஆறுவதையும் ஸ்டீராய்டு தடுக்கக்கூடும்.

அம்மாவின் இடது முட்டிக்கு ஊசி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், ஆனால் அந்த முட்டியையும் மாற்றும் எண்ணம் இருந்தால், அறுவைக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் வேண்டாம். திரும்பத் திரும்பப் போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. தேய்மானம் உள்ள 140 பேரிடம் பாஸ்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீதம் இரண்டாண்டுகள் ட்ரையாம்சினோலோன் பெற்றவர்களுக்கு, உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எந்த ஸ்டீராய்டு ஊசியானாலும், போட்ட பிறகு சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, ரத்தச் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் வீட்டிலேயே சர்க்கரையைப் பார்த்து, அளவு ஏறினால் மருத்துவரிடம் சொல்லி மருந்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பரிசோதனைகள் முடியும் வரை, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும், மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமாலும் போதும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மற்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்கும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சுகமாக இருந்தாலும் அது முட்டியை மடங்கிய நிலையிலேயே நிறுத்திவிடும். மாறாக, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, தொடைத் தசையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள்.

யாராவது 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், மூட்டு நீரைப் பரிசோதிக்கும் முன் அதைத் தொடங்கலாமா என்று அறுவை சிகிச்சை செய்தவரைக் கேளுங்கள். முன்கூட்டியே சாப்பிட்டால் இருக்கும் கிருமியும் பரிசோதனையில் வளராமல் போகலாம். முட்டி சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தழும்பிலிருந்து நீர் கசிந்தாலோ, முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும், பொருத்திய மூட்டின் விவரம் ஒட்டிய தாளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.