எங்கள் ஊரில் சினிமா ஷூட்டிங் நடக்கிறது. போய்ப் பார்க்கலாமா? எங்கே நிற்பது, யாரிடம் கேட்பது?

கேள்வி கேட்டவர் பொள்ளாச்சிப் பக்கம். ஊரில் சில நாட்களாக ஷூட்டிங் நடக்கிறதாம், நண்பர்களோடு போக ஆசை, ஆனால் "அங்கே நிற்கிற ஆட்கள் விரட்டுகிறார்கள்" என்று கேள்விப்பட்டுத் தயங்குகிறார்.

தாராளமாகப் போகலாம். தெருவிலோ சந்தையிலோ நடக்கும் ஷூட்டிங்கைத் தள்ளி நின்று பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை. வீடு, மில், தோப்பு, ஸ்டுடியோ என்று தனியார் இடத்துக்குள் நடந்தால் கதை வேறு. கேட்டில் நிற்பவர் வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டியதுதான்.

முதலில், விரட்டுவதாகச் சொல்லப்படும் அந்த ஆட்கள் யார் என்று பார்ப்போம். "ஃபீல்டு கிளியர் பண்ணுங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவருபவர் பெரும்பாலும் உதவி இயக்குநர். கையில் வாக்கி டாக்கியோ சீன் பேப்பரோ இருக்கும், வயது இருபதுகளில் இருக்கும். கூட்டம் பெரிதென்றால் பவுன்சர்களும் போலீஸும் சேர்ந்துகொள்வார்கள். டீ, தண்ணீர், நாற்காலி, குடை என்று சுற்றிக்கொண்டே இருப்பவர்கள் புரொடக்‌ஷன் அசிஸ்டன்ட்கள். இவர்களுக்கெல்லாம் மேலே புரொடக்‌ஷன் மேனேஜர். அனுமதிக் கடிதம், கடைக்காரருக்குப் பேசிய தொகை, போலீஸ் ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு.

உங்களைத் தள்ளி நிற்கச் சொல்பவர் சொந்த விருப்பத்தில் சொல்வதில்லை. கேமராவில் பதிவாகும் பரப்புக்குள், அதாவது ஃபிரேமுக்குள், ஒரு தலை வந்துவிட்டால், இயக்குநர் உட்கார்ந்திருக்கும் மானிட்டர் பக்கமிருந்து மைக்கில் திட்டு விழுவது அவருக்குத்தான். உங்களை உள்ளே விடும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. எனவே அவரிடம் கெஞ்சுவதும், "நான் யார் தெரியுமா" என்று ஆரம்பிப்பதும் வீண். "எங்கே நின்னா உங்களுக்குத் தொந்தரவு இல்லைண்ணே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல பதில் கிடைக்கும். நல்ல இடமாக அவரே காட்டிவிடுவார், ஏனென்றால் நீங்கள் ஒரே இடத்தில் நிற்பது அவருக்கும் நிம்மதி.

நிற்கும் இடத்தைத் தேர்வு செய்ய ஒரு எளிய வழி உண்டு. கேமராவின் லென்ஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்து, அதற்குப் பின்னால் இருபது முப்பது அடி தள்ளி, சற்றே பக்கவாட்டில் நில்லுங்கள். கேமராவுக்கு நேர் பின்னால் நின்றால், வசனம் பேசும் நடிகரின் பார்வைக் கோட்டில் விழுவீர்கள். அதை 'லுக்' என்பார்கள். அழும் காட்சியில் எதிரே நாலு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் எந்த நடிகராலும் கவனம் சிதறாமல் நடிக்க முடியாது. மானிட்டர் வைத்திருக்கும் கூடாரத்தை எட்டிப் பார்ப்பதும் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பக்கம் எடுத்து முடித்ததும் கேமரா எதிர்ப்பக்கம் திரும்பும். "ரிவர்ஸ் போறோம்" என்ற குரல் கேட்டால், இதுவரை நீங்கள் நின்ற பத்திரமான இடம்தான் இப்போது ஃபிரேம். அரை மணி நேரம் முன்பு "இங்கேயே நில்லுங்க" என்று சொன்ன அதே ஆள் இப்போது "போங்க போங்க" என்று வருவது இதனால்தான். அவர் பேச்சை மாற்றவில்லை, கேமரா மாறியிருக்கிறது. ஃபிரேமுக்கு வெளியே நின்றாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. கடைக் கண்ணாடியிலும் கார்க் கண்ணாடியிலும் பிம்பம் விழும். மாலை வெயிலில் நிழல் நீண்டு உள்ளே வரும்.

ஒரு ஷாட் கெட்டால் என்ன நஷ்டம் என்று பலருக்குத் தெரிவதில்லை. "இன்னொரு தடவை எடுத்தா போச்சு" என்பது கேட்கச் சுலபம். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்கள் அத்தனை பேரும் முதல் இடத்துக்குத் திரும்ப வேண்டும். வண்டிகள் ரிவர்ஸ் எடுத்துவர வேண்டும். புகை கலைந்து மறுபடி போட வேண்டும். மழைக் காட்சி என்றால் உடை மாற்றி, தலை துவட்டி, மேக்கப் திருத்தி வர வேண்டும். சூரியன் மறைந்த பிறகு எடுக்கும் காட்சிகளில்தான் பதற்றம் உச்சத்தில் இருக்கும். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அந்தி சீக்கிரம் இருண்டுவிடும். சூரியன் இறங்கியபின் பயன்படுத்தத் தகுந்த வெளிச்சம் ஏறத்தாழ இருபது நிமிடம்தான் கிடைக்கும். அதில் ஒரு விசில் சத்தத்தால் இரண்டு டேக் போனால், மறுநாள் அதே நேரத்துக்கு மொத்த யூனிட்டும் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது உங்களிடம் கடுமையாகப் பேசினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் பின்னால் டப்பிங் உண்டு என்பதால், கூட்டம் சத்தம் போட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. டப்பிங் பேசும்போது வாயசைவுக்கு வழிகாட்டுவது ஸ்பாட்டில் பதிவாகும் பைலட் டிராக்தான், அதில் வசனம் கேட்டாக வேண்டும். சிங்க் சவுண்டில், அதாவது ஸ்பாட்டில் பதிவாகும் குரலையே படத்தில் வைத்து, எடுக்கும் படமென்றால் உங்கள் செல்போன் மணி நேராகப் படத்துக்குள் போய்விடும். போனை சைலன்ட்டில் போட்டு, ஹாட்ஸ்பாட்டையும் அணைத்துவிடுங்கள். மானிட்டருக்குப் படம் அனுப்பும் கருவியும் ஃபோகஸ் கருவியும் இப்போது வயர் இல்லாமல்தான் வேலை செய்கின்றன. நூறு பேர் போன் ஒரே இடத்தில் இருந்தால் அந்த சிக்னல் விட்டுவிட்டு வரும். ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. கேமரா பதிவில் அது வெள்ளைப் பட்டையாக விழுந்து அந்த டேக்கையே கெடுக்கும்.

பாட்டு ஷூட்டிங் என்றால் ரெக்கார்டு செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்பாட்டில் பாட்டை ஒலிக்கவிடுவதை, பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றின் பெயரால், இன்றும் நாக்ரா என்றே சொல்வார்கள். வெளிவராத பாட்டு அதில் ஊருக்கே கேட்கும்படி ஓடும். அதில் முப்பது நொடி வெளியே போய்விட்டால், "கூட்டத்தை ஏன் பார்த்துக்கொள்ளவில்லை" என்ற கேள்வி அன்று ஓரத்தில் நின்ற உதவி இயக்குநரிடம்தான் வரும்.  அவருக்கு அடுத்த படம் கிடைப்பதே அன்றோடு சிக்கலாகலாம்.

சாப்பாட்டு விஷயம். காலை டிபன், பதினோரு மணிக்கு டீயோ மோரோ, மதியச் சாப்பாடு, நாலு மணிக்கு டீ என்று யூனிட்டின் நாள் ஓடும். விடிவதற்கு முன்பே மெஸ் அடுப்பு எரிய ஆரம்பித்திருக்கும். சமைப்பது தலைக்கணக்குப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாக. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர் தட்டெடுத்து வரிசையில் நின்றால், குறைவது பெரிய நடிகரின் தட்டில் அல்ல. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் புரொடக்‌ஷன் ஆட்களுக்குத்தான் குழம்பு இருக்காது. அவர்களே கூப்பிட்டுக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், சந்தோஷம். நீங்களாகக் கேட்காதீர்கள். "தம்பி, ஒரு டீ" என்று கைதட்டிக் கூப்பிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். தட்டு ஏந்தி வருகிறார் என்பதற்காக வயதில் மூத்தவரை ஒருமையில் அழைப்பதும் அப்படித்தான். அண்ணே என்றோ சார் என்றோ கூப்பிடுங்கள். உதவி இயக்குநர்களில் இப்போது பெண்களும் நிறையப் பேர். அவர்கள் தள்ளி நிற்கச் சொன்னால் சிரித்துக் கேலி செய்யும் கூட்டத்தில் உங்கள் நண்பர் யாராவது இருந்தால் அங்கேயே அடக்குங்கள்.

ஆபத்தும் உண்டு. ஜெனரேட்டர் வண்டியிலிருந்து தடிமனான கேபிள்கள் தரையில் ஓடும். இணைப்புப் பெட்டிகளை மிதிக்காமல், தாண்டாமல் சுற்றிப் போங்கள். லைட் ஸ்டாண்டில் சாய்வது, கிரேன் கைக்கு அடியில் நிற்பது இரண்டும் கூடவே கூடாது. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ஈவிபி ஃபிலிம் சிட்டியில் கிரேன் சரிந்து விழுந்ததில் யூனிட்டைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள், ஒருவர் உதவி இயக்குநர். வேலை தெரிந்தவர்களுக்கே அப்படி நடக்கும் இடம் அது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்வரிசைக்கு வராதீர்கள்.

போட்டோ வேண்டுமென்றால் புரொடக்‌ஷன் அசிஸ்டன்ட்டிடம் கேட்காதீர்கள். நடிகரைத் தொந்தரவு செய்தார் என்று அவர் பேட்டாவுக்கே வினை வரும். நடிகரின் சொந்த உதவியாளரையோ மேனேஜரையோ, ஷாட் நடக்காத நேரத்தில் ஒரே ஒரு முறை கேளுங்கள். பேக்கப் ஆனபின், அதாவது அன்றைய ஷூட்டிங் முடிந்தபின், கேட்பது நல்லது. மதிய இடைவேளை ஓய்வுக்கானது, அப்போது கேரவன் கதவைத் தட்ட வேண்டாம். ஐந்து பேர் போனால் ஐந்து செல்ஃபி கேட்காமல் ஒரே படமாக எடுத்துவிட்டு நகருங்கள். தோளில் கை போடுவது, பிடித்து இழுப்பது எதுவும் வேண்டாம், நடிகைகளிடம் எக்காரணம் கொண்டும் வேண்டாம். ரசிகர் மன்றமாகப் போவதென்றால் மாவட்டப் பொறுப்பாளர் மூலம் முன்கூட்டியே எத்தனை பேர் என்று மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். பட்டாசு வேண்டாம். கிளம்பும் காரை பைக்கில் துரத்துவதும் வேண்டாம்.

அதேசமயம், மரியாதை என்பதற்காக உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. உங்கள் கடை வாசலை மறைத்தால், வண்டி எடுக்க வழியில்லை என்றால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதைக் கேட்க வேண்டியது புரொடக்‌ஷன் மேனேஜரிடம். இடத்துக்குப் பணம் பேசுவதென்றால் ஷூட்டிங் தொடங்கும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள். பாதி ஷாட்டில் வந்து டீ கொடுக்கும் ஆளிடம் சண்டை போட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரி அவசரம் என்றால் எந்த ஷாட்டும் காரணமாகாது. ஓரத்தில் நிற்பவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள், அவர் வாக்கியில் சொல்லி வழிவிடச் செய்தே ஆக வேண்டும். அவரே கை வைத்துத் தள்ளினாலோ கெட்ட வார்த்தை பேசினாலோ அதையும் மேனேஜரிடம் சொல்லுங்கள், பணியில் இருக்கும் போலீஸிடமும் சொல்லலாம்.

இவ்வளவு கட்டுப்பாட்டோடு நிற்கப் பொறுமை இல்லாத சிறுவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால், டிக்கெட் வாங்கிச் செட்டுகளைச் சுற்றிப் பார்க்கும் வசதி ஹைதராபாத் அருகே ராமோஜி ஃபிலிம் சிட்டியில் இருக்கிறது. உங்கள் ஊர் ஷூட்டிங்குக்கு என்றால் காலையிலேயே போங்கள். வெயில் ஏறுவதற்குள் கூட்டம் குறைவாக இருக்கும், ஓரத்தில் நிற்பவருக்கும் உங்களுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கும். தண்ணீர் பாட்டில் கையோடு எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது காலி பாட்டிலையும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள், பேக்கப்புக்குப் பின் அந்த இடத்தைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போவதும் அதே ஆட்கள்தான்.