மக்கும் பொட்டல ஆராய்ச்சிகள் இத்தனை நடந்தும், முறுக்கு பாக்கெட் ஏன் இன்னும் பிளாஸ்டிக்கிலேயே வருகிறது? இந்த ஆராய்ச்சியெல்லாம் பட்டம் வாங்குவதற்கு மட்டும்தானா?

கேள்வியின் இரண்டாம் பாதி என்னைச் சுட்டது. முனைவர் பட்டத்திற்காக மரவள்ளி மாவுச்சத்தையும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் கலந்து படலம் செய்தவர்களில் நானும் ஒருவன். நீங்கள் தின்பண்டத் தொழிலில் இருப்பவர், மாற்றுப் பொட்டலம் தேடி அலுத்தவர் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஈரம் புகுந்தால் முறுக்கு நமத்துவிடும்; ஆக்சிஜன் புகுந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ஆக்சிஜனைத் தடுப்பதில், காய்ந்த நிலையிலுள்ள மாவுச்சத்துப் படலம் சாதாரண பாலித்தீனைவிட மேலானது. ஈரத்திடம்தான் அது தோற்கிறது. மாவுச்சத்தை மட்டும் காய்ச்சி ஊற்றினால் படலம் அப்பளம்போல் நொறுங்கும். வளைந்துகொடுக்கக் கிளிசரின் சேர்த்தால், அந்தக் கிளிசரினே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தனிப் பொருளை விட்டுக் கலவைக்குப் போனோம். கைட்டோசான் வலிமையைத் தருவதோடு பூஞ்சையையும் ஓரளவு அடக்குகிறது. மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண்ணின் தகடுகள் சுமார் ஒரு நானோமீட்டர் தடிமன் கொண்டவை. அவை தனித்தனியாகப் பிரிந்து பரவினால், நீராவி நேராகக் கடக்க முடியாமல் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கும். சற்று அதிகமாகப் போட்டால் தகடுகள் கட்டிதட்டி, படலம் அந்த இடத்திலேயே கிழியத் தொடங்கும்.

இதை அளப்பதற்கு, உலர்ந்த கால்சியம் குளோரைடு நிரப்பிய கிண்ணத்தின் வாயில் படலத்தை ஒட்டி, விளிம்பை மெழுகால் அடைத்து, ஈரம் மிகுந்த பெட்டிக்குள் வைத்து, அவ்வப்போது எடுத்து எடை போடுவோம். கூடும் எடைதான் உள்ளே புகுந்த நீராவி. களிமண் சேர்த்த படலத்தில் அந்த ஏற்றம் தெளிவாகக் குறைந்தது, அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் ஒப்பீட்டிற்காக, மளிகைக் கடையில் வாங்கிய பாலிபுரொப்பிலீன் பாக்கெட்டை வெட்டி ஒட்டியிருந்த பக்கத்துக் கிண்ணத்தின் எடை ஏறக்குறைய அசையவே இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு அந்தக் கிண்ணமே பதில்.

அடுத்த தடை, செய்யும் முறை. ஆய்வகத்தில் கரைசலைத் தட்டில் ஊற்றி, மிதமான சூட்டில் மெல்லக் காயவைத்துக் கையகலப் படலத்தை உரித்தெடுக்கிறோம். தொழிற்சாலையோ உருக்கி ஊதி, இடைவிடாமல் சுருள் சுருளாக எடுக்கிறது. ஈரமும், கைட்டோசானைக் கரைக்கச் சேர்த்த அமிலமும் கலந்த எங்கள் கலவை அந்த எந்திரத்திற்குள் நுரைத்துக் கருகிவிடும். "அப்படியானால் இது வீண் வேலைதானே" என்று உடனே பின்னூட்டம் எழுத வருபவர்கள், பிளாஸ்டிக்கும் ஒரே நாளில் இந்தத் தரத்திற்கு வந்துவிடவில்லை என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்று. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குத் தடை வந்த பிறகு, கண்காட்சிகளில் பையை வெந்நீரில் கரைத்துக் குடித்துக் காட்டும் வித்தை பெருகியது. எங்கள் மேசைக்கு வந்தவர்களும், "உங்களுடையது ஏன் அப்படிக் கரையவில்லை?" என்று குறைசொல்லிவிட்டுப் போனார்கள். கரைந்துபோகும் பையில் சாம்பாரை எப்படி ஊற்றுவது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மாவுச்சத்துப் பை என்று விற்பனையாகும் பலவற்றில், பி.பி.ஏ.டி. என்னும் பாலியெஸ்டரும் கலந்திருக்கிறது. அது பெரும்பாலும் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வந்தாலும் மக்கக்கூடியதுதான். அதைக் கலப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். சோளம் போன்றவற்றின் சர்க்கரையிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் வகையும் ஏறத்தாழ 58 டிகிரி சூடுள்ள உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மக்கும். வீட்டுக் கொல்லையில் அதே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஆராய்ச்சி கடைக்கு வரவே இல்லை என்பதும் சரியன்று. ஆப்பிள் மீதுள்ள பளபளப்பு பெரும்பாலும் அரக்கோ, ஒருவகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகோதான். பழத்தின் மேலே ஒட்டிக்கொள்ளும் பூச்சு தன் எடையைத் தானே தாங்க வேண்டியதில்லை. அதனால் உயிர்ப்பொருள்கள் அங்கே எளிதாக வென்றன. கைட்டோசான் பூச்சும் பழத்தின் சுவாசத்தைக் குறைத்துப் பழுப்பதைத் தள்ளிப்போடும். தடிமனாகப் பூசினால் பழம் மூச்சுத் திணறிச் சாராய வாடை அடிக்கும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களையும் சைவர்களையும் கருதி, அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று அட்டையில் அச்சிட வேண்டும் என்பது என் கட்சி.

மாற்றுப் பை விற்க வருபவரிடம், ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரத்தின்படி மக்கும் சோதனை செய்த அறிக்கையையும், 38 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதத்தில் அந்தப் பை கடத்தும் நீராவியின் அளவையும் கேளுங்கள். இரண்டாவது எண்ணை அவர் தரவில்லை என்றால், மொத்தமாக வாங்குவதற்கு முன், ஐப்பசி மழையில் உங்கள் முறுக்கையே அதில் கட்டி வைத்துப் பாருங்கள்.