கையெழுத்துப் போட்டவரும் கொடுத்தவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் டல்லாஸில் வசிக்கிறேன். ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை, கறுப்பின உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங் நாள். எதற்கு லீவு என்று மகள் கேட்டாள். “அப்போதைய ஜனாதிபதி ரேகன் கொடுத்தார்” என்றேன். கிங் பிறந்தது 15ஆம் தேதிதானே, ஏன் திங்கட்கிழமை? கடைகளின் தள்ளுபடி நாளாகிவிட்ட இந்த லீவு இனியும் தேவையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தையின் கேள்வியை மெனக்கெட்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அவளுக்கு நீங்கள் சொன்ன பதில் இருக்கிறதே, அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. கையெழுத்துப் போட்டவரெல்லாம் கொடுத்தவரா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 338-90, செனட்டில் 78-22 என்று லீவு மசோதா நிறைவேறிய பிறகு, 1983 நவம்பர் 2 அன்று ரேகன் கையெழுத்திட்டார். கிங் கொல்லப்பட்டதிலிருந்து அதுவரை ஓடிய பதினைந்து வருடம் எங்கே போயிற்று?

டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகருக்குக் கிங் போனதே குப்பை அள்ளுகிறவர்களுக்காகத்தான். 1968 பிப்ரவரி 1, நல்ல மழை. குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்களை, குப்பையை அழுத்தும் எந்திரம் நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். ‘நான் மனிதன்’ என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அவர்களோடு நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நான்காம் நாளே பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் விடுமுறை மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்றம் அதைக் கிடப்பில் போட்டது. தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. 1969இல் நியூயார்க் மாநிலத்தில் கார் ஆலைத் தொழிலாளர்கள் சிலர் கிங் பிறந்த நாளன்று வேலை செய்ய மறுத்தார்கள். சட்டமில்லை, சம்பளமில்லை, வேலையே போனாலும் போகலாம். நியூயார்க் மருத்துவமனைத் தொழிலாளர் சங்கமோ முதலாளிகளோடு பேரம் பேசி, அந்த நாளைச் சம்பளத்தோடு கூடிய லீவாகவே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. கூலியை விட்டுக்கொடுத்தும் சண்டைபோட்டும் இவர்கள் வாங்கிய நாளைத்தான் நீங்கள் ரேகன் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

இந்த லீவைக் கேட்டுப் பாடகர் ஸ்டீவி வொண்டர் பாடிய பாட்டும், மனுவில் சேர்ந்த அறுபது லட்சம் கையெழுத்தும் பெரிய காரியங்கள்தான். அவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

திங்கட்கிழமையா? வார நடுவில் அலுவலகங்களை மூடித் திறந்தால் செலவு என்றார்கள். அதைச் சமாளிக்க இண்டியானா மாநிலத்துப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கேட்டி ஹால் மசோதாவில் மூன்றாம் திங்கட்கிழமை என்று வைத்தார். அவ்வளவுதான்.

தள்ளுபடி நாள் தேவையா என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்குக் கடையில் பில் போடும் பெண்ணைக் கேளுங்கள். மத்திய அரசு விடுமுறை தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. அவளுக்கு இன்னும் லீவு வரவில்லை.