காரில் உப்புத் திட்டு விழாமல் கழுவுவது எப்படி? கேள்வி பதில்

கார் டீட்டெய்லிங் தொழிலில் இருக்கிறேன். ஷாம்பு, வாக்ஸ் பற்றியெல்லாம் பலர் விசாரிக்கிறார்கள்; தண்ணீரைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே தண்ணீர் பற்றியவை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

அண்ணா, மேடவாக்கத்தில் இருக்கிறோம். போர் தண்ணீர்தான். கருப்பு கார். கழுவிய அரை மணி நேரத்தில் பானட் முழுக்க வெள்ளைப் புள்ளி. ஷாம்பு மாற்றியும் பயனில்லை.

ஷாம்பு மேல் தப்பில்லை, தம்பி. தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் ஆவியாகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் டிடிஎஸ் என்கிறோம். டிடிஎஸ் 1000 என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. கழுவி முடித்த காரில் அரை லிட்டர் தங்கி அப்படியே காய்ந்தால், அரை கிராம் உப்பு பெயின்ட் மேல் படியும். அதுவே 50 டிடிஎஸ் தண்ணீராக இருந்தால் 25 மில்லிகிராம்தான். வெள்ளைக் காரிலும் இதே திட்டு விழும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

அப்போ முழுக் காரையும் ஆர்ஓ தண்ணீரில்தான் கழுவணுமா? எங்க மெஷினில் அவ்வளவு தண்ணீர் வராதே.

வேண்டவே வேண்டாம். காரின் மேல் காய்கிற தண்ணீர்தான் திட்டாகிறது. வழிந்து ஓடுகிற தண்ணீர் எதுவும் செய்யாது. அதனால் மண் போக அடிப்பது, நுரை போடுவது, நுரையை அலசுவது எல்லாம் போர் தண்ணீரிலேயே நடக்கட்டும். நிழலில் வைத்து, இடையில் காய விடாமல் செய்யுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர். சின்னக் காருக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். முந்தின இரவே பக்கெட்டில் பிடித்து மூடி வையுங்கள்.

ஊற்றும் விதமும் முக்கியம். வேகமாக அடித்தால் துளித்துளியாகச் சிதறி நிற்கும். கூரையில் மக்கிலிருந்து மெதுவாக, ஒரே ஓட்டமாக விட்டுப் பாருங்கள். தண்ணீர் ஒரு படலம் போல இறங்கி, போர் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் கண்ணாடி, பானட், கதவுகள். செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு தெளிப்பான் இருந்தாலும் நல்லது. ஆனால் புதிதாக இருக்க வேண்டும், மருந்து பட்டது கூடாது. கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்யும். சுவைக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலக்கிற டிடிஎஸ் கன்ட்ரோலர் இருந்தால் இன்னும் கூடும்.

சார், ஆர்ஓவிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்க மனமில்லை. அதில் கழுவலாமா?

முதல் அலசலுக்கும் டயருக்கும் தாராளமாக எடுங்கள், பாராட்டுகிறேன். ஆனால் கடைசி அலசலுக்குக் கூடவே கூடாது. ஆர்ஓ மெஷினுக்குள் இருக்கும் வடிகட்டும் சவ்வு பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வீட்டில் சாஃப்ட்னர் மாட்டியிருக்கிறோம். அது போதாதா?

சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கடினத்தன்மை போகும், டிடிஎஸ் குறையாது. திட்டு விழும், ஈரத்துணி பட்டதும் போய்விடும், அதுதான் லாபம்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்?

காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு மிகக் குறைவு. காயிலில் இருக்கும் தூசி கலந்து வரும், மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மாடியில் தூசி போனபின் பிடித்த மழைநீரும் அப்படித்தான். சென்னை வெயிலில் ஏசி ஓடும் வீட்டில் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஏற்கெனவே படிந்த பழைய திட்டுகளை எப்படி எடுப்பது?

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. கார் நிழலில், பானட் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். துணியை நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, உடனே நன்றாகக் கழுவுங்கள். தேய்க்காதீர்கள், உப்புத் துகளே கீறும். வாக்ஸும் கொஞ்சம் போகும், மறுபடி போட வேண்டிவரும். விரலுக்கு வழவழப்பாக இருந்தும் வட்டம் தெரிந்தால், பெயின்ட் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை வெயிலில் உப்பு அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பாலிஷ்தான். அதையும் அடிக்கடி போட முடியாது, ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் மெலிகிறது.

கோவையில் வாஷ் கடை வைத்திருக்கிறேன். துடைக்காமலே காயும்படி டிஐ ஃபில்டர் போடலாமா?

போடலாம். டிஐ என்பது உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் நிறைந்த குடுவை. அதன் வழியாக வரும் தண்ணீரில் டிடிஎஸ் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும், காரை அப்படியே காய விடலாம். ஆனால் போர் தண்ணீரை நேராக விட்டால் ரெசின் சீக்கிரம் தீர்ந்து செலவு கையைக் கடிக்கும். முன்னால் ஓர் ஆர்ஓ வையுங்கள். உப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர் என்றால் அது இயல்பிலேயே மென்மையானது, டிஐ மட்டுமே போதுமானதாக இருக்கலாம். பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். குழாயிலும் போரிலும் தனித்தனியாக அளந்துவிட்டு, அப்புறம் ஃபில்டர் விலை கேளுங்கள்.